காணி யார் பேரில்

வன்னியில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் கதையைச் சொல்ல வருபவர்கள் அனேகமாகப் போரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எப்போது இடம்பெயர்ந்தீர்கள், யார் யாரை இழந்தீர்கள், கடைசியாக எங்கே கண்டீர்கள். கேட்பவர்களுக்கும் சொல்பவர்களுக்கும் அந்த வரிசை பழகிவிட்டது. நான் 1935இலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. எங்கள் பெரியப்பா வீட்டில் விழுந்த அடிகளுக்கும், அந்த வீட்டில் மூத்தவனுக்கு இன்னும் மரணச் சான்றிதழ் எடுக்கப்படாமல் இருப்பதற்கும், அந்தச் சட்டத்துக்கும் தொடர்பிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

வெள்ளைக்காரன் காலத்தின் நல்லெண்ணங்களில் ஒன்று அந்தச் சட்டம். காணியில்லாதவனுக்கு அரசு காணி கொடுப்பது, கொடுத்த காணி கடன்காரனிடமும் பணக்காரனிடமும் போய்விடாமல் காப்பது, பிள்ளைகள் பங்குபோட்டுத் துண்டு துண்டாக்காமல் தடுப்பது. டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலம். அந்தக் கவலைகளுக்கெல்லாம் சேர்த்துக் கண்ட மருந்து: ஒரு காணிக்கு ஒரு பெயர். அனுமதிப்பத்திரம், ஊர் வாயில் பெர்மிட், ஒருவர் பேரில் இருக்கும். அவர் நினைத்தபடி விற்க முடியாது. தனக்குப் பிறகு இன்னாருக்கு என்று ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பதியலாம். பதியாமல் கண்ணை மூடினால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்ப்பார்கள். அதில் 2022 வரை மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. மூத்தவர் முதலில், இளையவர் பிறகு. மனைவிக்குக் கிடைப்பது சீவிய உரித்து. சாகும்வரை இருந்து அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். தனக்குப் பின் யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் அவளுக்கு இல்லை.

எங்கள் காணிக்குத் தண்ணீர் தரும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. தண்ணீர் தேங்கியது, ஆட்கள் பெருகவில்லை. முப்பதுகளின் நடுவில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோதும் மலேரியாவுக்குப் பயந்து பலர் வந்த வழியே திரும்பினார்கள். நாற்பதுகளின் கடைசியில் டிடிடி அடித்த பிறகுதான் காடு மனிதருக்கு இடம் விட்டது. வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கமெல்லாம் குடிகள் வந்தது அதற்குப் பிறகு. பெரியப்பாவின் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிட்டவர், தீவுப்பகுதியிலிருந்து வந்து வலதுகரை வாய்க்காலை அண்டிக் காடு வெட்டியவர். முதலை, கரடி, காய்ச்சல் என்று அவர் சொல்லாத கதையில்லை. ஆச்சி அந்தக் காட்டில் என்ன செய்தார் என்பதை அவர் சொன்னதே இல்லை. ஆச்சியும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்தபோது எங்கள் பெண்கள் ஒன்றை அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தேசவழமை இருந்தது. அது பெண்ணைத் தூக்கி வைத்த சட்டமென்று சொல்ல வரவில்லை. தன் பேரிலுள்ள காணியை விற்கவும் அவளுக்குப் புருசனின் சம்மதம் வேண்டும். ஆனாலும் சீதனமாக வந்த வீடும் வளவும் அவள் பேரில் இருந்தன. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தமக்கை, இந்தப் பக்கம் தாய்மாமன். கை ஓங்குகிறவன் மாமன் காதில் விழுமே என்று ஒரு கணமாவது யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துவிட்டு அடித்தவர்களும் உண்டு. தீபகற்பம் அப்படியொன்றும் புண்ணியபூமி இல்லை. குடியேற்றத்தில் அந்த ஒரு கணமும் இல்லாமல் போயிற்று. அரசு கொடுத்த காணிக்குத் தேசவழமை செல்லாது, 1935இன் சட்டம்தான் செல்லும். ஆளுக்கொரு வயல் துண்டு, ஆளுக்கொரு மேட்டுக்காணி, இடையில் பற்றைக்காடு. தாய் சகோதரங்களெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். புருசனுடைய காணியில், புருசனுடைய வீட்டில், அவன் பெயர் போட்ட கடதாசியின் கீழ் ஒரு பெண் தனியே நின்றாள்.

அப்புவுக்குப் பிறகு காணி மூத்த மகனான பெரியப்பாவுக்கு வந்தது. இரண்டு மாமிமாருக்கும் நகையும் கொஞ்சக் காசும்.

பெரியப்பா நல்ல கமக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மதகு திறக்கும் நாளில் வாய்க்கால் கட்டில் படுத்து, தன் முறைத் தண்ணீரைத் துளி சிந்தாமல் வயலுக்குக் கொண்டுவருவார். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாதென்று கச்சேரிக் கூட்டத்தில் ஏக்கரைக் குறைக்கும்போது, தன் பங்கைச் சத்தம் போடாமல் அயலவனுக்கு விட்டுக்கொடுத்ததும் உண்டு. எருத்து மாடுகளை அவர் கேட்டியால் அளந்துதான் தட்டுவார். அதே கேட்டியைப் பெரியம்மாவின் முதுகில் அளந்து போட்டதில்லை. சோற்றில் கல் கிடந்தது, சொல்லாமல் கோயிலுக்குப் போனது, நெல் விலை இறங்கியது. காரணம் எதுவாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு அங்கே போகும் எங்களுக்கு அந்த வீட்டில் பொழுதுபட்டதும் ஒரு மௌனம் இறங்குவது தெரியும். நாங்கள் பிள்ளைகள், அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

1973இல் வெளிவந்த பாலமனோகரனின் 'நிலக்கிளி'யைப் பிற்காலத்தில் படித்தபோது தண்ணிமுறிப்பு வயல்களும் காடும் எனக்குச் சொந்த ஊர்போலத் தெரிந்தன. 1984இன் கடைசியில் மணலாற்றுப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களைக் கலைத்தபோது அந்த நாவலின் ஊரும் வெறுமையாயிற்று. வன்னியைப் பற்றி எழுதியதெல்லாம் இப்படித்தான், மை காய்வதற்குள் ஊர் இல்லாமல் போய்விடும். அதனால் இருந்த ஊரை நாங்கள் பொன்னாக்கிப் பார்க்கப் பழகிவிட்டோம். பொன்னான ஊரில் யாரும் யாரையும் அடித்திருக்க முடியாது அல்லவா.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்திடம் விழுந்தது. குடும்பம் முதல் தடவையாகக் கிழக்கே நகர்ந்து தருமபுரம் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தது. நாலு கம்பும் கிடுகும். அடியின் சத்தத்தை மறைக்கப் பற்றைக்காடும் இல்லை. மூத்த அக்கா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் போய் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மகளிர் பிரிவில் முறையிட்டாள். இரண்டு பெண்பிள்ளைகள் சைக்கிளில் வந்து பெரியப்பாவை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார்கள். என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் சில மாதங்கள் கேட்டி தாழ்வாரத்தில் செருகியபடி இருந்தது. இயக்கம் தண்டனையாகக் கொடுத்த பச்சைமட்டை அடியைப் பற்றி வன்னியில் தெரியாதவர்கள் இல்லை. அடிப்பவனை அடிக்கப் பலமுள்ளவர்கள் ஊரில் இருந்தார்கள், அவ்வளவுதான். "இயக்கம் இருக்கேக்க ஒருத்தனும் கை நீட்டேலாது" என்று இன்று சில பெண்கள் ஏக்கத்தோடு சொல்வதைக் கேட்கிறேன். அந்த ஏக்கத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. அந்தப் பாதுகாப்பின் விலை என்னவென்று சொல்லாமல் விடவும் முடியாது.

அக்கா இயக்கத்துக்குப் போனாள். நாட்டுக்காகப் போனாள் என்றுதான் ஊர் சொல்லும். அது பொய்யில்லை. வீட்டை விட்டுப் போகவும் போனாள் என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். 2004இல் ஹியூமன் ரைட்ஸ் வோச் சிறுவர் சேர்ப்புப் பற்றி வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் பறித்துச் சென்றதைத்தான் பேசுகிறது. தாமாகப் போன பிள்ளைகளில் சிலருக்கு வறுமையும் வீட்டு நிலைமையும் காரணமாக இருந்ததையும் அது மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவதை வாய்விட்டுச் சொன்னால் தியாகத்தைக் கொச்சைப்படுத்துவதாகக் கோபம் வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயின் முதுகைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண், துவக்குப் பிடித்த பெண்களைக் கண்டு எழுந்து போனதில் கொச்சை எதுவும் இல்லை.

அவள் போராளியாக இருந்த காலத்தில் பெரியப்பா கை நீட்டவில்லை. 2000 ஏப்ரலில், ஆனையிறவு விழுந்த சண்டையில் அவள் வீழ்ந்தாள். வித்துடல் கனகபுரம் மாவீரர் துயிலுமில்லத்தில் விதைக்கப்பட்டது. பெரியப்பா சாப்பிடாமல் கிடந்தார். அப்படி அழுத ஆண்பிள்ளையை நான் அதன்பின் கண்டதில்லை. சில மாதங்களுக்குப் பிறகு கேட்டி தாழ்வாரத்திலிருந்து இறங்கியது.

சமாதான காலம் 2002இல் வந்தது. காணிக்குத் திரும்பினார்கள். இரண்டு போகம் ஒழுங்காக விளைந்த தெம்பில் பெரியப்பா கச்சேரிக்குப் போய் மூத்த மகனைப் பின்னுரித்தாளராகப் பதிந்துவிட்டு வந்தார். இளையவன் அப்போது சிறு பையன். பெரியம்மாவிடம் கேட்டாரா என்று விசாரிப்பது வீண்வேலை.

2008 காலபோகம் விதைத்து ஒரு மாதம் கடந்தபோது நிஷா புயல் மழை கொட்டி வயலைக் கடலாக்கியது. தண்ணீர் வடிந்து, பிழைத்த பயிர் குடலை தள்ளும் நேரத்தில் ஊர் கிளம்ப வேண்டியதாயிற்று. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. பெரியப்பா மாடுகளின் கயிறுகளை அறுத்துவிட்டார். உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், விதைநெல் மூட்டை, பானை சட்டி, இரண்டு பொடியன்கள், பெரியம்மா. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன். இந்தப் பெயர்களை இந்த வரிசையில் சொல்லும்போது வன்னிச் சனம் வழி சொல்வதில்லை. யார் யாரை எங்கெங்கே விட்டோம் என்று சொல்கிறது. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடங்கள்மீதே செல் விழுந்ததை ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. கொல்லப்பட்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றும் எழுதியது. சீலைகளைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளால் பங்கர் கட்டினார்கள். விதைநெல்லைக் குற்றிக் கஞ்சி வைத்தார்கள். ஒரு கமக்காரன் விதைநெல்லில் கை வைத்தான் என்றால் அடுத்த போகம் உண்டென்ற நம்பிக்கை அவனுக்கு விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

அந்த மாதங்களில் பெரியப்பா அடித்தாரா? கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "பங்கருக்குள்ள அடிக்க இடம் எங்க பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார் பெரியம்மா. பிறகு சிரிப்பை நிறுத்தி, அங்கேதான் அவர் தனக்கு ஒருமுறை தலை வாரிவிட்டார் என்றும் சொன்னார்.

மூத்தவனை இயக்கம் மாத்தளனில் பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கொருவர் என்ற கணக்கெல்லாம் அப்போது செல்லாக்காசு; மாவீரர் குடும்பம் என்று சொன்னதும் எடுபடவில்லை. மார்ச்சில் ஒருநாள் பெரியப்பா இளையவனையும் கூட்டிக்கொண்டு கஞ்சி வரிசைக்குப் போனார். செல் விழுந்தது. பொடியன் மட்டும் நடந்து வந்தான். ஏப்ரல் 20ஆம் திகதி இராணுவம் இயக்கத்தின் மண் அணையை உடைத்த நாளில் பெரியம்மாவும் அவனும் கடலேரியைக் கடந்து வெளியே வந்தார்கள். மூத்தவன் மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறியதை ஒருத்தர் கண்டாராம். கண்டவர் இன்னும் இருக்கிறார். ஏறியவன் இல்லை.

வெளியே வந்தவர்களை அடைத்த மெனிக் பாம் முகாமில், முள்ளுக்கம்பிக்குள் இருந்த வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியோரின் பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய யோசனையோ, நகைச்சுவை உள்ள ஆள். மறு ஆண்டு ஊருக்குத் திரும்பியபோது தகரமும் 25,000 ரூபாயும் கொடுத்தார்கள். துயிலுமில்லத்தை இராணுவம் உழுது தள்ளியிருந்தது. பெரியம்மாவிடம் இப்போது மூன்று துயரங்கள் இருந்தன: கல்லறை அழிக்கப்பட்ட ஒன்று, எங்கே புதைத்தது என்று காட்டமுடியாத ஒன்று, புதைக்கவே முடியாத ஒன்று.

பெரியப்பாவின் மரணச் சான்றிதழைப் பெரியம்மா அலைந்து திரிந்து எடுத்தார். அதோடு வயலின் சீவிய உரித்து அவருக்கு வந்தது. அன்று அதன் கனம் அவருக்குத் தெரியவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சத்துக்குக் காணிக் கடதாசி கேட்டார்கள், காட்டினார், வீடு வந்தது. அவ்வளவுதான்.

ஆணைக்குழுக்கள் வந்தன. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2014இல் பரணகம ஆணைக்குழு, இரண்டும் கிளிநொச்சியில் அமர்ந்தன. பெரியம்மா மகனின் படத்தோடு வரிசையில் நின்று சொன்னார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமற்போனவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்திலும் போய் இருந்தார். மகன் என்ன நிறச் சேட்டு, எந்தக் காலில் தழும்பு என்பதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் வரும். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அந்தக் கதைக்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. முதுகின் கதைக்கு வடிவம் இல்லை. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. என்னிடம் சொன்னபோதுகூட இடையில் அரிசி புடைத்தார், கோழியைத் துரத்தினார், முன்னுக்குப் பின் சொன்னார்.

ஒவ்வொரு மே 18இலும் பெரியம்மா முள்ளிவாய்க்காலுக்குப் போய்ப் பெரியப்பாவின் படத்துக்கு விளக்கேற்றுகிறார். அந்தப் படத்தில் இருப்பவர் ஓர் அரசின் குண்டுக்குப் பலியான நிராயுதபாணி. அவர் கொல்லப்பட்டது குற்றம். அதற்கு இன்றுவரை யாரும் பொறுப்புச் சொல்லவில்லை. அந்தக் கோரிக்கையில் நானும் நிற்கிறேன். அதே படத்தில் இருப்பவர் பெரியம்மாவின் இடது கையை நிமிரவிடாமல் செய்தவரும்தான். அந்தச் சாவு அவரைக் கழுவிவிட்டது. பலியானவரைப் பற்றிக் குறை சொன்னால் கொன்றவனுக்குச் சாட்சி சொல்வதாகிவிடுமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தின் மறைவில் எத்தனை வீடுகளின் கதை கிடக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். பெரியம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. "அவருக்கு அப்பிடி நடந்திருக்கக் கூடாது. எனக்கும் நடந்திருக்கக் கூடாது" என்றார், படத்தைத் துடைத்துக்கொண்டே. அவரால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. நம் எழுத்துக்கு அது இன்னும் கைவரவில்லை.

இளையவன் வளர்ந்தான். மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்து, காணியில்லாமல் கூலிக்கு நின்ற குடும்பமொன்றில் கல்யாணம் செய்தான். மச்சாள் நல்ல உழைப்பாளி. அவன் குடிக்கிறான், அடிக்கிறான்.

தகப்பன் செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை, அதனால் அடிக்கிறான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். போரால் ஒரு சமூகத்தின் மனம் எப்படிக் காயப்பட்டது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தொண்ணூறுகளிலிருந்தே எழுதிவருகிறார். கற்றானியும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் படும் வன்முறையைப் போர் அனுபவத்தோடும் தகப்பனின் குடியோடும் தொடர்புபடுத்தியது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பா வீட்டில் அடி தொடங்கியபோது போர் தொடங்கியிருக்கவில்லை. தானும் அதே கஞ்சி வரிசையில் தாயை இழந்த பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன் மனைவியை ஒரு சொல் வைவதில்லை. வடக்கில் நடந்து 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, பெற்றோரின் பராமரிப்பை உணர்ந்த பிள்ளைகளைப் போரின் காயம் அவ்வளவாகத் தாக்கவில்லை என்று காட்டியது. அதாவது வீடு ஒரு சுவராக நின்றிருக்கலாம். எங்கள் வீடு நிற்கவில்லை. போர் வந்தபோது அந்தக் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

நாடு முழுவதும் எடுத்த 2019 கணக்கெடுப்பில், கணவன் அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவனால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார். போரைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட தெற்கும் அதில் அடக்கம்.

பெரியம்மா முதலில் மருமகளுக்குச் சொன்னது தனக்குச் சொல்லப்பட்டதைத்தான். "பொறு பிள்ளை." அதை அவர் மறைக்கவில்லை. இதற்கிடையில் குழுக்கடன்காரர் கிழமைக்கொருமுறை படலையில் வந்து நின்றார்கள். கடன் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். எடுத்தது மச்சாள், செலவழித்தது அவன், கட்டுவது மச்சாள். வறட்சிப் பிரதேசங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தது. மச்சாள் எடுத்ததெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். வயல் மஞ்சளித்தது, கடன் ஏறியது, கையும் ஏறியது. காணி ஆண் வழியில் போகும், கடன் பெண் பேரில் நிற்கும்: 1935இன் நல்லெண்ணமும் இந்தக் காலத்தின் நல்லெண்ணமும் ஒரே வீட்டுத் திண்ணையில் வந்து சந்தித்த விதம் இது.

பெர்மிட்டில் பெரியப்பாவுக்குப் பின் இருப்பது மூத்தவனின் பெயர். அவன் இறந்தான் என்று பதிந்தால்தான் அடுத்தவனுக்கு வழி திறக்கும். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. தாய்மார் மறுத்ததால் 2016இல், ஆள் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் தரும்படி அதைத் திருத்தினார்கள். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி இளையவன் நெருக்கினான். பெரியம்மா மாட்டேன் என்றார். "உயிரோட இருக்கிறவன் நான், அம்மா" என்று அவன் கத்தினான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செத்தவர்களும் காணாமற்போனவர்களும் நிறைந்த வீட்டில் மிஞ்சியவனாக வளர்வது என்னவென்று எனக்குத் தெரியாது. அன்றிரவு அவன் மச்சாளை அடித்ததில் அவளுக்கு விலா எலும்பு வெடித்தது.

மறுநாள் பெரியம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்கும், பிறகு பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவுக்கும், அங்கிருந்து பிரதேச செயலகக் காணிக் கிளைக்கும் போனார். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று பொலிஸில் சொன்னார்கள். மூன்றாவது இடத்துக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "ஆற்ற காணி எண்டு அறியத்தான்." அங்கே இருந்த உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டி, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுடையதுதான் அம்மா என்று சொன்னார். சட்டம் மனைவிக்குக் கிள்ளிக் கொடுத்த அந்த அரை உரித்தோடு பெரியம்மா வீட்டுக்கு வந்தார். "என்ர காணியில நிண்டு அடிக்கேலாது. அடிக்கிறதெண்டால் றோட்டில போய் நில்" என்று மகனிடம் சொன்னார்.

அவன் போனான். ஒரு போகம் முழுக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது பெரியம்மா சோறு போட்டார். இப்போது அடி குறைவு, அற்றுப்போகவில்லை. மச்சாள் கட்டளைக்கு மனுப்போட்டு, பிறகு வாபஸ் வாங்கி, தேவையென்றால் திரும்பப் போடுவேன் என்று வைத்திருக்கிறாள். 2022இல் காணிச் சட்டத்தைத் திருத்தி, வாரிசு வரிசையில் ஆண் பெண் பேதத்தை எடுத்துவிட்டார்கள் என்று அறிந்து, தன் மூத்த பெண்பிள்ளையின் பெயரைப் போட முடியுமா என்று கேட்டுவர என்னை அனுப்பினாள். கேட்டேன். இடையில் பெரியப்பாவின் மூத்த மகனின் பெயர் இருக்கிறதே என்றார்கள்.

2024 காலபோகத்துக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபாய் உரமானியம் வந்தது. கமநல சேவை நிலையத்தில் வயல் பெரியம்மாவின் பேரில் பதிந்திருப்பதால் காசு அவருடைய வங்கிக் கணக்கில் விழுந்தது. பாதியை மருமகளின் குழுக்கடனுக்குக் கொடுத்தார், மீதிக்கு யூரியா எடுத்தார். மகன் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழும்பி முறைப்பாடு சொல்லியிருக்கிறான். இது காணிப் பிணக்கா, குடும்பப் பிணக்கா, எதன் கீழ் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதென்று அமைப்புக்காரருக்குள் இன்னும் முடிவாகவில்லை.